பத்திரிகை வைக்கப் போனவர்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. பெண்களுக்கான மாத இதழ் ஒன்றிலிருந்து கூப்பிட்டு, "கணவரை உடற்பயிற்சி செய்ய வைப்பது எப்படின்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க டீச்சர், ஜாலியா இருக்கட்டும்" என்றார்கள். சரி என்றுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த வித்தை எனக்குத் தெரிந்திருந்தால் என் வீட்டுக்காரர் இந்நேரம் வெளியே நடந்துகொண்டிருப்பார், உள்ளே உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருக்க மாட்டார். ஜெயித்தவர்கள் கட்டுரை எழுதலாம். இழுபறியில் இருப்பவர்களுக்குக் கதைதான் வசதி.

(எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்கள் முகத்தில் கள்ளச்சாராயச் செய்தி ஒன்றுதான் வந்து போகும். இது அந்தச் செய்தி இல்லை. எங்களுக்கும் சாதாரணக் கவலைகள் உண்டு.)

கதாநாயகனுக்குப் பகலவன் என்று பெயர் வைத்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பேரு இது? ஏழரைக்கு எழுந்துக்கிற ஆளுக்கு?"

"அதனாலதாங்க. நீங்கன்னு யாருக்கும் தோணாது."

கொஞ்சம் சமாதானமாகி, உரித்த கடலையில் பாதியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கிய ஒரு விடியற்காலையில், பகலவன் தன் கேன்வாஸ் ஷூவின் நாடாவை…"

[அடித்துவிட்டேன். இவர் எந்த விடியற்காலையைப் பார்த்தார்?]

இரண்டாவது: "பகலவனுக்குச் சர்க்கரை நோய் இருப்பது அவருடைய டாக்டருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும்."

[இது உண்மை. உண்மையாக இருப்பதால்தான் முதல் வரியில் வைக்கப் பயமாக இருக்கிறது.]

மூன்றாவது: "பகலவன் உரக்கடை வைத்திருக்கிறார்." இதில் யாருக்கும் சண்டை இல்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

பகலவன் உரக்கடை வைத்திருக்கிறார். காலையிலிருந்து இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பார். மூட்டை தூக்க ஆள் இருக்கிறது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "தினமும் நடங்க, இல்லாட்டி அடுத்தது ஊசி" என்றார். அவர் மனைவி செந்தமிழ்ச்செல்வி, அதாவது நான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மிரட்டுவதுபோல் எல்லாம் செய்து பார்த்தேன். வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிள் வாங்கினோம். அதில் இப்போது அவருடைய சட்டைகள் காய்கின்றன. போனில் யோகா போட்டுக் காட்டினேன். தரையில் படுக்கச் சொன்ன இடத்தில் படுத்தார், குறட்டை விட்டார். எழுப்பினால், "மூச்சுப் பயிற்சி செஞ்சிகினு இருக்கேன்" என்கிறார்.

3

சோம்பேறி என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லையும் அடிக்க வேண்டியதாயிற்று. ஒருநாள் வம்படியாக ஷூ மாட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் தமிழழகன் டீக்கடை. அவர் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"இன்னாண்ணே, காலங்காத்தால எங்க கிளம்பிட்டீங்க?"

எங்கள் ஊரில் இது கேள்வியே இல்லை, ஒரு வணக்கம். ஆனால் பதில் ஒன்று வேண்டும். கொல்லிக்கு (அதாவது வயலுக்கு) போறேன், பேங்குக்குப் போறேன், துக்கம் விசாரிக்கப் போறேன் என்று எதையாவது சொல்லலாம். பகலவன் தன் ஷூவைப் பார்த்தார். பிறகு, "பால் வாங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே பாக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். வீட்டில் ஏற்கெனவே பால் இருந்தது.

வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு காரியமில்லாமல் நடக்கிற ஆளை ஊர் பார்க்கும் பார்வை எனக்கும் தெரியும். சர்க்கரையா, பி.பி.யா என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்போது எங்கள் மகள் தேவிப்ரியாவுக்குத் திருக்கோவிலூரில் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். அப்பனுக்கு வந்தது பிள்ளைக்கும் வரும் என்று ஒரு வாய் சொன்னால் போதும் என்று இவருக்கு நடுக்கம்.

4

அந்தக் கல்யாணம்தான் இவரை நடக்க வைத்தது.

பத்திரிகை அச்சாகி வந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், மேலே பத்திரிகை. தெருத்தெருவாக, வீடுவீடாக, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நின்று கொடுக்க வேண்டும். பைக்கில் போனால் நடுவில் நாலு வீடு விட்டுப்போகும், விட்டவர்கள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் நடைதான். நான் கொஞ்ச நாளில் முட்டியைப் பிடித்துக்கொண்டேன். இவரோ காலையில் எனக்கு முன்னால் குளித்துவிட்டு நிற்கிறார்.

"இன்னும் கிளம்பலியா நீ? வெயில் ஏறிடும்."

யாராவது எங்கே என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பத்திரிகை வைக்க!" என்பார். ஒரு வீட்டில் மாடு கன்று போட்டதைக் கேட்பார், அடுத்த வீட்டில் போன வருஷத்து மக்காச்சோளம் புழு அடித்ததைக் கேட்பார். கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று உரம் கேட்ட ஆட்களின் வீடுகளை இவர் அப்போதுதான் முதல்தடவை பார்க்கிறார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது முதுகெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு. அந்த முகத்தை நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

(இதழுக்கு: உங்கள் கட்டுரை இந்த இடத்தில் முடிந்திருக்கும். ஆனால் நான் ஒன்றைச் சொல்லாமல் தாண்டியிருக்கிறேன். போகிற ஒவ்வொரு வீட்டிலும் டீ கொடுத்தார்கள்.)

5

வாய் நனைக்காமல் ஒரு வீட்டிலிருந்து கிளம்ப முடியுமா? டீ வேண்டாமென்றால் உறவு வேண்டாமென்று அர்த்தம். உடம்புக்கு ஆகாது என்று சொன்னால் மட்டும் விடுவார்கள். அதைத்தான் இவர் சொல்ல மாட்டார்.

மலைக்கும் போனோம். வெள்ளிமலை தாண்டி ஒரு சிற்றூரில் வேடியப்பன் என்று ஒரு வாடிக்கையாளர், மரவள்ளி போடுகிறவர். பஸ் நின்ற இடத்திலிருந்து மேட்டில் நடை. எனக்கு மூச்சு வாங்கியது. பகலவன் மேலே போய்க்கினு, சாரி, போய்க்கொண்டு (அவர் பேச்சு என் எழுத்தில் ஒட்டிக்கொள்கிறது) வழியில் பார்த்தவர்களையெல்லாம் விசாரித்தார்.

வேடியப்பனின் மனைவி காசியம்மாள் கைகால் ஓடாமல் நின்றார். "அவ்ளோ தூரத்துலருந்து எங்க வூட்டுக்கு வந்துக்கிறீங்களே!" என்று சொல்லிச் சொல்லி, விருந்தாளி என்பதற்காகவே சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ கொண்டுவந்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்து, சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினார். நான் சொல்லவில்லை. இரண்டாவது டம்ளரையும் குடித்தார்.

திரும்பி இறங்கும்போது சரளைப் பாதையில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே முன்னால் போனார். அவர் இடது காலில் செருப்பு இல்லை. அது எங்கேயோ பின்னால் கழன்று கிடக்கிறது. வெறுங்கால் கல்மேல் பதிகிறது, அவருக்குத் தெரியவில்லை.

"என்னாங்க. காலப் பாருங்க."

குனிந்து பார்த்தார். பாதத்தின் ஓரத்தில் ரத்தம். கொஞ்ச நேரம் அது வேறு யாருடைய காலோ என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். எலவனாசூர்கோட்டையில் இருக்கும் அவருடைய அண்ணனுக்குப் பெருவிரல் எடுத்தது இப்படி ஒரு காயத்தில்தான். இரண்டு பேருக்குமே அது நினைவுக்கு வந்தது. நான் முந்தானையால் காலைத் துடைத்துவிட்டு, மேலே ஏறிப் போய்ச் செருப்பைத் தேடி எடுத்து வந்தேன்.

"கல்யாணம் முடியட்டும் செல்வி. அப்புறம் ஊருக்கே சொல்லிடறேன்" என்றார்.

6

கல்யாணம் முடிந்தது. சொல்லவில்லை. காயம் ஆறியது. சோதனை செய்து பார்த்ததில் சர்க்கரை முன்னைவிட ஜாஸ்தி. "நடந்தீங்களா இல்லியா?" என்று டாக்டர் கத்தினார். "நடந்தாரு சார், ரொம்பவே நடந்தாரு" என்றேன். டீக்கதையைச் சொன்னதும் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அவர் பாதத்தில் ஒரு மெல்லிய கம்பியால் அங்கங்கே தொட்டு, தெரியுதா, தெரியுதா என்று கேட்டார். பல இடங்களில் இவர் பதில் சொல்லவில்லை.

திரும்பவும் நாற்காலி, திரும்பவும் கடலை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் வந்தார். பேரனுக்குக் காதுகுத்து. மகன் ஜவ்வரிசி மில்லுக்கு மரவள்ளி வாங்கி அனுப்புகிறவர், மலையில் பாதிப் பேர் பழக்கம்.

"எனக்கு முட்டி ஒத்துக்கல தம்பி. பையனுக்கு நேரமில்ல. நீங்க போய்ப் பத்திரிகை குடுத்தா எங்க குடும்பமே போனா மாதிரி. மலப்பக்கம் மட்டும் பாத்துக்கிறீங்களா?"

பகலவன் எழுந்து நின்றுவிட்டார். "குடுங்கம்மா, குடுங்க" என்று இரண்டு கையாலும் பத்திரிகைக் கட்டை வாங்கினார். இப்படிப் பூரித்துப்போகிற ஆளை உட்கார வைப்பது பாவம், அனுப்புவது ஆபத்து.

7

முடிவுகள்.

ஒன்று: சர்க்கரை இறங்கியது. டாக்டர் கைகுலுக்கினார். இருவரும் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். [இதழுக்குப் பிடிக்கும்.]

இரண்டு: மலையில் யாரும் பார்க்காத ஒரு நாளில் பகலவனின் காலில் ஒரு முள் ஏறி, அது அவருக்குத் தெரியாமலே

[இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். எனக்கு இந்த மனுஷன் வேண்டும்.]

மூன்று: மனைவி முன்கூட்டியே எல்லா வீட்டுக்கும் போன் போட்டு, டீயில் சர்க்கரை போடாதீர்கள் என்று ரகசியமாகச் சொல்லிவிடுகிறாள். [போனைக் கையில் எடுத்தேன், காசியம்மாள் எண்வரை வந்தேன். விஷயம் தெரிந்தால் அந்த நடையே நின்றுவிடுமோ என்று வைத்துவிட்டேன்.]

8

இதுவரை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். டீக்கடை இடத்தில் சிரித்தார். செருப்பு இடத்தில் காலை இழுத்து வேட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

"சக்கரன்னு போட்டுக்கிறியே."

"பேர மாத்திட்டேனே."

"பேர மாத்தினா? உரக்கட, மல, கொளஞ்சிம்மா எல்லாம் அப்பிடியே கீது. ஊருக்குத் தெரியாதா?"

"கல்யாணம்தான் முடிஞ்சிடுச்சே. இன்னும் இன்னா பயம் உங்களுக்கு?"

வேட்டிக்குள் இருந்த காலை வெளியே நீட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்க அண்ணன் எப்பிடி இருந்த ஆளு தெரியுமில்ல? மம்முட்டியப் புடிச்சி மண்ண வெட்ட ஆரம்பிச்சா பொழுதுக்கும் நிமிர மாட்டான். வெரல எடுத்த அப்புறம் எவன் வூட்டுக்குப் போனாலும் மொதல்ல அந்த வூட்டுக்காரன் நாற்காலிய இழுத்துப் போடுவான். உக்காருங்க, பாவம், உக்காருங்க. அப்பிடியே உக்காந்துட்டான் செல்வி. அவன உக்கார வச்சது சக்கர இல்ல, ஊரு."

இத்தனை வருஷம் கூடவே இருந்தும் எனக்கு இது தெரியாது. பக்கம் பக்கமாக எழுதியும் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தக் கதய நான் அனுப்பல. விட்டுடுங்க" என்றேன்.

"இல்ல. வச்சிரு. மொதல்ல நானே என் வாயால சொல்றேன். சொல்லிட்டு வந்து அனுப்புன்னு சொன்னா அனுப்பு. எங்க சொன்னே, இன்னா சொன்னேன்னு மட்டும் கேக்காத."

இன்று காலை காதுகுத்துப் பத்திரிகைகளோடு மலைக்குக் கிளம்பினார். எனக்குப் பள்ளிக்கூடம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள் என்றேன். போட்டுக்கொண்டார். தெருமுனையில் தமிழழகன் எங்கே என்று கேட்டதும், இவர் "பத்திரிகை வைக்க!" என்று உரக்கப் பதில் சொன்னதும் எனக்கு இங்கே கேட்டது.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இந்தக் கதை அச்சாகி உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் அவர் எங்கோ சொல்லிவிட்டார். எந்த வீட்டு வாசலில், யார் டம்ளரை நீட்டியபோது, எந்தச் சொல்லில் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் சொன்னதும் அந்த வீட்டில் யாரும் நாற்காலியை இழுத்துப் போட வேண்டாம். "அப்பிடியா, அப்ப மோர் குடிங்க" என்று சொல்லட்டும். நின்றபடியே குடித்துவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போகட்டும்.