இன்னும் இருபது வெடி பாக்கி

1

இந்தக் கதை ஒரு புளுகில் பிறந்தது. புளுகியவர் மெர்வ், ஹோபார்ட்டில் முப்பது வருடமாக என் பக்கத்து வீட்டுக்காரர். "எங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா ஒரே வெடியில ஒரு திமிங்கிலத்தை விரட்டிட்டாரு. எழுதுறவன்தானே நீ, எழுதேன்" என்றார், வறுத்த மீனை மென்றுகொண்டே. அதில் எவ்வளவு புளுகு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

ஆர்ப்பரிக்கும் அலைகளைக் கிழித்துக்கொண்டு அந்தப் போர்க்கப்பல் —

(சேச்சே. அன்று கடல் குளம் மாதிரி கிடந்ததாம்.)

சரி, நேராகவே சொல்கிறேன். 'வாக்டெயில்' இரண்டு பாய்மரமும் பத்து பீரங்கியும் கொண்ட குட்டிப் போர்க்கப்பல். ஆப்பிரிக்கக் கரையோரம் அடிமை வியாபாரிகளைத் துரத்தியது. வயதானதும் ஆங்கிலேயக் கடற்படை அதை விற்றுவிட்டது. வாங்கியவர்கள் ஒன்பது பீரங்கிகளைக் கழற்றிவிட்டு, திமிங்கிலக் கொழுப்பு உருக்கும் அண்டாக்களை ஏற்றினார்கள். மிஞ்சியது ஒரு பீரங்கி, அதோடு ஒரு பீரங்கிக்காரன், ஏனோஸ் ட்ராஸ்க்.*

* மெர்வின் மூதாதை. அவர் சொன்ன பெயர் எனக்குப் பிடிக்கவில்லை, மாற்றிவிட்டேன்.

3

ஏனோஸை முதலில் அசடாகத்தான் எழுதினேன். பிறகு மனம் கேட்கவில்லை. பத்தொன்பது வருடம் அந்தக் கப்பலே வீடாக இருந்தவன், கரையில் அப்போது அவனுக்கு நாதியில்லை. கொழுப்பு வழியும் தளத்தைத் தினமும் பளபளவென்று தேய்ப்பான். வேட்டைக்காரர்கள் வழுக்கி வழுக்கி விழுவார்கள்.

கேப்டன் கோய்ல் ஒருநாள் பொறுமையிழந்தார். "யோவ் ஏனோஸ், இது வேட்டைக்கப்பல்யா. இன்னொரு தடவை உன் கடற்படைக் கூத்தைக் காட்டினே, பெட்டியோட கரையில இறக்கிடுவேன்."

"சரிங்க ஐயா" என்று விறைப்பாக சல்யூட் அடித்தான் ஏனோஸ்.

"இதத்தான்யா சொல்றேன்."

4

மே இருபத்து நான்கு. வளைகுடாவில் ஒரு திமிங்கிலம் தூங்குகிறது, மூன்று மாதத்தில் கண்ணில் பட்ட முதல் திமிங்கிலம். இரண்டு படகுகள் சத்தமில்லாமல் நெருங்குகின்றன. ஈட்டிக்காரன் எழுந்து நிற்கிறான். சரியாக உச்சி வேளை. மகாராணியின் பிறந்தநாள், கடற்படையில் உச்சி வேளைக்குப் பீரங்கி வெடித்து மரியாதை செய்யும் நாள்.

(வேண்டுமென்றா செய்தான்? இல்லவே இல்லை. சூரியன் உச்சிக்கு வந்தது, கை தானாகத் திரியை எடுத்தது. நான் தடுத்திருக்கலாம்தான். அப்புறம் கதைக்கு எங்கே போவது?)

டமார்.

வெறும் வெடிமருந்துதான், குண்டு இல்லை. ஆனால் திமிங்கிலத்துக்கு அது தெரியுமா? வாலால் தண்ணீரை ஓர் அறை அறைந்துவிட்டுப் போயே போய்விட்டது. படகில் ஒருவனும் துரத்தவில்லை. எல்லோரும் ஒரு காலத்தில் ஏதாவதொரு போர்க்கப்பலில் இருந்த பழைய கடற்படை ஆட்கள். வெடி கேட்டதும் துடுப்புகளை நெட்டுக்குத்தாக நிமிர்த்தி மரியாதை செலுத்திக்கொண்டிருந்தார்கள். ஈட்டிக்காரன் ஈட்டியை நிமிர்த்தியிருந்தான்.

கேப்டன் ஓடிவந்தார். "அடப்பாவி, என்னய்யா பண்ணித் தொலைச்சே?"

"இன்னும் இருபது பாக்கி, ஐயா. ஒண்ணோட நிறுத்தினா மகாராணிக்கு அவமானம்."

கேப்டன் திட்ட வாயைத் திறந்தார். அப்போதுதான் கவனித்தார், அவருடைய தொப்பியும் கழன்று அவர் கையில் இருந்தது.

5

இருபத்தொன்றும் வெடித்தது என்கிறார் மெர்வ். அவர் அப்படித்தான் சொல்வார். ஏனோஸைக் கரையில் இறக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் திமிங்கிலம் சிக்கினால்தான் கூலி, படகில் இருப்பவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதே. கேப்டன் தொப்பியைத் தலையில் வைத்தால் ஏனோஸின் பெட்டி கரைக்குப் போகிறது. கையிலேயே வைத்திருந்தால் அடுத்த வெடி. எனக்கு ஏனோஸைப் பிடித்துத் தொலைத்துவிட்டது, நியாயம் சொல்ல நான் லாயக்கில்லை. நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவன் கையில் திரி எரிந்துகொண்டிருக்கிறது.