கடைசி மூன்று முழம்

அந்த ஆளை ஜலீல் அதற்கு முன்பே இரண்டு தடவை பார்த்திருக்கிறார். முதல் தடவை காஜிமார் தெரு முனையில் வெற்றிலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கடையின் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். இரண்டாம் தடவை வாசற்படி வரைக்கும் வந்து, செருப்பைக் கழற்றி, என்ன நினைத்தானோ, மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்றாம் தடவை, ஆவணி மாதத்து முற்பகல் ஒன்றில், உள்ளே வந்தே விட்டான். உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"போட்டோ எடுக்கணும்ணே."

"உக்காருங்க தம்பி. எந்த ஊரு?"

"சோழவந்தான். கொடிக்கால் வேலை. பேரு சிவனாண்டி."

முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மடியில் ஒரு துணிமூட்டை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை. ஜலீல் வழக்கம்போல அவன் முதுகுக்குப் பின்னால் திரையை இறக்கினார். அவரே வரைந்த திரை அது. ஒரு மலை, மலையிலிருந்து விழுகிற அருவி, கீழே இரண்டு மான்கள். மதுரையில் பாதிப் பேர் அந்த மான்களைச் சாட்சி வைத்துத்தான் கல்யாணம் முடித்திருக்கிறார்கள் என்று அவர் மனைவி ஜெயினம்பு கேலி பேசுவாள்.

சிவனாண்டி திரும்பிப் பார்த்தான். உடனே எழுந்துவிட்டான்.

"மலை வேணாம்ணே. வேற எதையாச்சும் தொங்கவிடுங்க. ஒண்ணும் இல்லாட்டி வெறுஞ்செவுரு போதும்."

ஜலீலின் கை கயிற்றிலேயே நின்றது.

"பர்மாவுல இருந்து நடந்து வந்தவரா?"

"எப்பிடிண்ணே கண்டீக?"

"மலைக்கு முதுகு காட்டி உக்கார மாட்டேங்கிறவுக அம்புட்டுப் பேரும் அங்கிருந்து வந்தவுகதான்."

ஜலீலின் தம்பி பாதுஷா ரங்கூனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவன். நகரத்தில் குண்டு விழுந்தது, ஊர் காலியானது, கப்பலில் இடமில்லை. புரோம் என்ற ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது: "அரக்கான் மலை வழியாக நடந்து வருகிறேன். நிறையப் பேர் சேர்ந்துதான் வருகிறோம். சபியாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்." அதற்குப் பிறகு நாலரை வருஷமாக ஒரு வரி இல்லை.

அந்தக் கோடையிலேயே ரயிலடிக்கு, நடந்து வந்தவர்கள் எலும்பும் தோலுமாக வந்து இறங்கத் தொடங்கினார்கள். ஜலீல் ஒவ்வொருவரையும் தேடிப் போனார். என் தம்பியைப் பார்த்தாயா என்று கேட்பார். பார்க்கவில்லை என்பார்கள். அப்படியானால் வழியைச் சொல், மலையைச் சொல் என்று கேட்பார். வீட்டுக்கு வந்து, அவர்கள் சொன்னதை ஒரு நீளத் துணியில் வரைவார். புதுத்துணி கிடைக்காத காலம். பழைய அரண்மனைத் திரைகளையும் பூங்காத் திரைகளையும் பிரித்து, பின்பக்கம் வெளியே வரும்படி வைத்துத் தைத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு முழம், சிலருக்கு அரை முழம். இப்படியே துணி இருபது முழத்துக்கு வளர்ந்தது. எந்த முழத்திலாவது ஒரு நாள் தம்பி தட்டுப்படுவான் என்பது அவர் எண்ணம்.

கடைசி மூன்று முழத்தை மட்டும் அவர் தொடவே இல்லை. சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்பது ஊருக்குச் சொன்ன காரணம். அதை நிரப்பினால் மலை முடிந்துவிடும். மலை முடிந்த பிறகும் ஒருவன் வந்து சேரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். மலை முடியாதவரை பாதுஷா நடந்துகொண்டிருந்தான்.

ஆனால் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தது சபியா. பாதுஷாவின் மனைவி. கடைக்குப் பின்கட்டில் உட்கார்ந்து போட்டோக்களுக்குக் கையால் வர்ணம் பூசுவாள். கழுத்தில் கல்யாணத்தன்று கட்டிய கருகமணி இன்னும் கிடந்தது. கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்து இத்தா அனுசரிக்க வேண்டும். ஒவ்வொரு நோன்பு மாதமும் அவள், இத்தா இருக்கலாமா என்று பள்ளிவாசல் ஆலிமுக்கு ஆள் அனுப்பிக் கேட்பாள். மவுத்தான சேதி உறுதியாக வரட்டும் என்று பதில் வரும். பெண்சாதியாகச் சிரிக்கவும் முடியாமல், விதவையாக அழவும் முடியாமல் அவள் அடுத்தவர் கல்யாணப் படங்களின் உதட்டுக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்தாள்.

ஜலீல் துணிச்சுருளை எடுத்து வந்து தரையில் விரித்தார். சிவனாண்டி குனிந்து ஒவ்வொரு முழமாகப் பார்த்துக்கொண்டே நடந்தான். ஐந்தாவது முழத்தில் நின்றான். பிறகு, அடக்க முடியாமல், சிரித்துவிட்டான்.

"அண்ணே, கிண்டல் பண்றீகளா? இது நம்ம ஆனைமலையில்ல?"

"என்ன?"

"தும்பிக்கைய நீட்டிப் படுத்திருக்கே, தெரியலையா? அந்தா, அது நாகமலை. அது பரங்குன்றம். மொட்டப்பாறையா வரிசையா அடுக்கி வச்சிருக்கீக. அங்க பாறையே கெடையாதுண்ணே. எல்லாம் மூங்கிக் காடு. கீழ செம்புழுதி, முழங்காலு வரைக்கும்."

ஜலீல் துணியைப் பார்த்தார். நாலு வருஷமாகப் பார்த்த துணிதான். அதில் இப்போது முதல் தடவையாக, மாடியில் ஏறினால் வடகிழக்கே தெரிகிற அதே கல் யானை ஏழெட்டு இடங்களில் படுத்திருந்தது.

"எல்லாரும் இப்பிடித்தான் தம்பி சொன்னாக. நம்ம ஆனைமலை மாதிரி நாலு மடங்குன்னாக. நாகமலை கணக்கா நீளமாப் போகும்னாக."

சிவனாண்டியின் சிரிப்பு அடங்கியது. "நானும் அப்பிடித்தான் சொல்லியிருப்பேன். ஊருல கேக்கிறவுகளுக்கு வேற எதைக் காட்டிச் சொல்றது? மலைய யாருண்ணே பாத்தா? முன்னாடி போறவன் குதிகாலப் பாத்துக்கிட்டே நடந்தோம். அது நின்னா நாமளும் நிக்கணும். அது விழுந்தா தாண்டிப் போகணும்."

தம்பியைப் பார்த்தாயா என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஜலீலின் நாக்கு நுனிக்கு வந்தது. கேட்கவில்லை. மூங்கிலின் பச்சை எப்படி இருக்கும், வெயில் உள்ளே விழுமா என்று ஏதேதோ கேட்டார். புழுதி என்ன நிறம் என்று கேட்டார்.

"ஆனையூர்க் கம்மாக்கரை மண்ணு மாதிரி" என்றான் சிவனாண்டி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "வேற மண்ணு எனக்குத் தெரியாதுண்ணே."

பின்கட்டுக் கதவின் திரைச்சீலை அசைந்தது. சபியா அங்கே வந்து நிற்கிறாள் என்று ஜலீலுக்குத் தெரிந்தது.

சிவனாண்டி காலி முழங்களின் ஓரத்தில் உட்கார்ந்தான். துணிமூட்டையை அவிழ்த்தான். உள்ளே ஒரு பித்தளைக் கெண்டி, மூக்கு வைத்த தண்ணீர்ச் செம்பு. வயிற்றில் வெட்டியிருந்த எழுத்தை ஜலீல் படிக்கவே வேண்டியதில்லை. 'பாதுஷா, மதுரை.' தம்பி கப்பல் ஏறும்போது அவரே ஆணியால் வெட்டிக் கொடுத்த எழுத்து. கடைசி எழுத்தின் வால் அவர் எழுதுகிற கடைப் பெயர்ப்பலகைகளில் வருவதுபோலவே சுழித்திருந்தது.

"மூணு தடவ வந்தேண்ணே" என்றான் சிவனாண்டி. "மலை வரையிறவரு ஒருத்தரு எல்லாரையும் விசாரிக்கிறாருன்னு கேள்விப்பட்டேன். பேரும் தெருவும் சொன்னாக. வாரதும் போறதுமா இருந்தேன்."

"சொல்லுங்க" என்றார் ஜலீல்.

"என்னைய மாப்ளன்னுதான் கூப்புடுவாரு. வழியில தண்ணியே கெடையாது. இந்தக் கெண்டியில இருந்ததை எனக்கு ஊத்திருவாரு. தொழுகைக்கு முன்னாடி கைகால் கழுவணுமில்ல, அதுக்கு மண்ணுல ரெண்டு உள்ளங்கையையும் வச்சு எடுத்து மூஞ்சியில தடவிக்குவாரு. 'தண்ணி இல்லாதவனுக்கு மண்ணு போதும் மாப்ள, ஒனக்குத்தான் மண்ணைக் குடிக்கத் தெரியாது'ம்பாரு. ஆறாம் நாளு பேதி கண்டுருச்சு. காலரா. ஒரு மூங்கித் தூருல சாஞ்சு உக்காந்தாரு. கெண்டியக் குடுத்து, கீழ ஓடை இருக்காம், கொண்டு வான்னாரு. போனேன்."

"போயி?"

"ரொம்பக் கீழண்ணே. குடிச்சேன். நெறச்சேன். திரும்பி ஏறப் பாத்தேன். கால் வரல. அதுவும் பொய். ஏறியிருக்கலாம். ஒரு கூட்டம் அந்தப் பக்கமா எறங்கிப் போச்சு. அவுக பின்னாடி போயிட்டேன்."

தெருவில் ஒரு ஜட்கா வண்டி போயிற்று. அதன் மணிச்சத்தம் தேய்ந்தது.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சபியாவின் குரல் வந்தது. "மவுத்தானதைக் கண்ணால பாத்தீகளா தம்பி?"

சிவனாண்டி எழுந்து நின்றுவிட்டான். "இல்லம்மா." பிறகு, "பாத்தேன்னு சொல்லணும்னா சொல்றேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். அம்புட்டுக் கடன்பட்டிருக்கேன்."

"பொய் வேணாம். குரான் ஓதுற வீடு இது."

ஜலீல் அவசரமாகப் பேசினார். "பாக்கலையில்ல சபியா? யாராச்சும் வந்து தூக்கியிருக்கலாம். அங்கேயே ஏதாச்சும் ஊருல..."

"பெரிய மச்சான்." அவள் இத்தனை வருஷத்தில் அவர் பேச்சை ஒருதடவைகூட இடைமறித்ததில்லை. "காலரா கண்டு, தண்ணி இல்லாத மலையில, ஒத்தையில உக்காந்திருந்தாக. நீங்க அவுகள நாலு வருஷமா நடக்க வச்சுக்கிட்டே இருக்கீக. அவுக உக்காந்துட்டாக மச்சான். மலைய முடிச்சிருங்க."

ஜலீல் குனிந்து காலி முழத்தின் சுருக்கத்தை நீவினார்.

"ஆலிம்சாகிட்ட நடந்ததை நடந்தபடியே சொல்லுவோம். அதுக்கு மேல அவுக பாடு, அல்லா பாடு. முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்றாள் சபியா.

மறுநாள் ஜலீல் ஆனையூர்க் கண்மாய்க்கரைக்குப் போய் ஒரு சாக்கில் மண் அள்ளி வந்தார். சலித்து, வேப்பம்பிசினில் குழைத்தார். மூன்று முழத்துக்கு ஒன்பது நாள் பிடித்தது. பழைய மலைகளை அவர் அழிக்கவில்லை. சொன்னவர்கள் எல்லோரும் அந்த ஊர் மலைகளை மனசில் பார்த்துத்தான் நடந்தார்கள் என்று அவருக்குத் தோன்றியது. சிவனாண்டி இரண்டு நாள் வந்து, மூங்கில் எப்படிச் சாயும் என்று காட்டினான். மூன்றாம் நாள், "அந்த இடத்துல என்னையும் வரைவீகளா?" என்று கேட்டான். வரையப்போவதாக ஜலீல் சொன்னார். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

முடிந்த அன்று, நடுப்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்பு சபியா வந்தாள். சுவரில் தொங்கிய துணியின் முன்னால் நின்று தேடினாள். மூங்கில், மூங்கில், நடுவே கீழே இறங்குகிற ஒற்றையடித் தடம். அதில் முதுகு காட்டிப் போகிற ஒருவன். அந்த மூன்று முழத்தில் மலை எங்குமே இல்லை.

"அவுக எங்க?"

"உக்காந்து பாரும்மா."

அவள் எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். அப்போது படம் சரியாக விழுந்தது: மூங்கில் தூரில் சாய்ந்து உட்கார்ந்தவன் கண்ணில் பட்டதுதான் அது. போகிறவனின் வெடித்த குதிகால் கண்ணுக்கு நேராக வந்தது. அவன் கையில் ஆடுகிற கெண்டி. இந்தப் பக்கம், துணியின் கீழ்விளிம்பில், உட்கார்ந்திருப்பவனின் மடிக்கு அருகே இருக்கிற புழுதியில், இரண்டு உள்ளங்கைகள் பதித்து எடுத்த தடம்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு தவழ்ந்து போய், அந்தத் தடங்களின்மேல் தன் இரண்டு கைகளையும் வைத்தாள். அவள் கைகள் சிறியவை. சுற்றிலும் சிவப்பு விளிம்பு தெரிந்தது.

ஜலீல் வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே கருகமணி தரையில் வைக்கப்படும் சின்னச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு, நாலரை வருஷமாக அந்த வீட்டில் கேட்காத அழுகை கேட்டது. ஜெயினம்பு அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். அவர் கையைக் காட்டி அவளை உள்ளே சபியாவிடம் போகச் சொன்னார்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். முற்றத்தில் தம்பியின் கெண்டி நிறைத்து வைத்திருந்தது. ஜலீல் குந்தி உட்கார்ந்து, முதலில் கைகளைக் கழுவினார். நகக்கண்களில் இருந்த செம்மண் கரைந்து போயிற்று. பிறகு முகம், முழங்கை, கால். தண்ணீர் நிறைய இருந்தது.