இருமல் இல்லாத பிரதி

காலை பத்தரைக்கு வாடகை நாற்காலிகள் வந்தன. மகள் அவற்றைப் பிரித்துக் கூடத்தில் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டைரக்டரம்மா, இது என்ன தியேட்டரா? சுவரோரமா போடு," என்றார் மாமா, அம்மாவின் தம்பி. சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பாவின் உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. மூன்று வாரம் படுக்கை. நுரையீரலில் கட்டி. எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே, இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தார் டாக்டர்.

வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒரே பதிலைச் சொன்னாள்.

"ப்ளைவுட் கடை வேலை. இருமலு தூசாலன்னு நெனச்சோம். தினமும் கேட்டுக் கேட்டு ஃபேன் சத்தம் மாதிரி ஆயிடுச்சு."

மகள் அடுத்த நாற்காலியைப் பிரித்தாள். அது பாதியில் மாட்டிக்கொண்டது. காலால் உதைத்தாள்.

ஆறு மாதத்துக்கு முன் இதே கூடத்தில்தான் அவளுடைய கல்லூரிக் குறும்படத்தை எடுத்தார்கள். வீட்டைக் காலிசெய்யும் அக்கா தங்கை கதை. அப்பாவை உள்ளறையில் உட்காரவைத்து, மூச்சு விடக் கூடாது என்று சொல்லியிருந்தாள். தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தும் இருமிவிட்டார்.

கல்லூரியில் முதல் திரையிடல் முடிந்ததும் பார்த்தவர்கள் கருத்துச் சொன்னார்கள். பதில் பேசாதே, கேட்டுக்கொள் என்பது ஆசிரியரின் விதி. கடைசி வரிசையில் யாருடைய அம்மாவோ எழுந்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. உள்ள இருமுறது யாரும்மா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

அரங்கமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"அந்த இடத்துல அவங்க கதையை விட்டு வெளிய போயிட்டாங்க," என்றார் ஆசிரியர். "சத்தத்தைச் சரிபண்ணு."

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்.

"ஜனங்க என்ன சொன்னாங்க?"

"உங்க இருமலைத்தான்ப்பா கவனிச்சாங்க. ஹீரோயினை ஒருத்தரும் சீண்டல."

"பின்ன? நடிப்புன்னா அது!"

டாக்டரைப் பற்றிக் கேட்டதை அவள் சொல்லவில்லை. மறைக்க நினைத்து அல்ல. அதையும் சேர்த்தால் வேடிக்கை இழுவையாகிவிடும் என்று தோன்றியது.

சத்தத்தைச் சரிபண்ணினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரண்டு நாள் அப்பாவின் இருமலைத் தேடித் தேடி எடுத்தாள். இரண்டோ மூன்றோ என்று நினைத்திருந்தாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. அடுத்த திரையிடலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போதுதான் கற்றுக்கொண்டாய் என்று ஆசிரியர் தோளில் தட்டினார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. மாமா எழுந்து போனார். அம்மா எழவில்லை. பக்கத்து நாற்காலியைத் தட்டி மகளை உட்காரச் சொன்னாள்.

"வெளியாளு ஒருத்தராவது சொல்லியிருந்தா போதும். கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

அவள் குரலில் அழுகை இல்லை. மூன்று வாரத் தூக்கக் கலக்கம்தான் இருந்தது.

வெளியே கதவுகள் திறந்தன. "மெதுவா, மெதுவா... தலைப்பக்கம் புடி," என்று மாமா யாரிடமோ சொல்வது கேட்டது.

அம்மா வாசலைப் பார்க்காமல் மகளைப் பார்த்தாள்.

"உனக்கு ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும்னு உங்க சார் சொன்னாரே. உன் காதுலகூடவா விழல?"