ஒரே வரிசையில் தாழ்ந்த கம்பிகள்

சிவப்பு மையில் ஒரே ஒரு வார்த்தை. ‘இடிக்கவும்.’

வரைபடத்தின் ஓரத்தில் அதை எழுதிவிட்டு ஆய்வாளர் நிமிர்ந்தார். கீழே கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அது விழுந்துவிட்டால் முப்பது நாளுக்கு முன்னால் கான்கிரீட் போட்ட பள்ளிக்கூடத்தின் முதல் மாடித் தளம் சம்மட்டிக்குப் போய்விடும்.

“சார், கையெழுத்துப் போடாதீங்க. நாலு மணி வரைக்கும் டைம் கொடுங்க” என்றாள் பீட்டா.

பீட்டா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. ஒரு கட்டடத்தை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் எண்ணுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர். யார் எதைக் கேட்டாலும் ‘முதல்ல பீட்டா எவ்வளவு வருதுன்னு பார்ப்போம்’ என்றுதான் அவள் ஆரம்பிப்பாள். சைட்டில் சித்தாள் முதல் சிமெண்ட் லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

“எதுக்கும்மா டைம்?” ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நடு உத்தரத்துக்கு மேல ரெண்டு இடத்துல கருவி வெச்சுப் பார்த்தேன். மேல் கம்பி இருபத்தஞ்சு மில்லிமீட்டர் ஆழத்துல இருக்கணும். ஒரு இடத்துல நாற்பத்தேழு. இன்னொரு இடத்துல ஐம்பது. கம்பி உள்ள முங்கிப் போச்சு, இனி தளத்தோட மேற்பக்கத்தை இழுத்துப் பிடிக்காது. அதுவும் நீங்க போட்டிருக்கிறது அப்பளம் மாதிரி தளம்.”

அப்பளம் என்றது பீட்டாவுக்குச் சுருக்கென்று தைத்தது. எல்லோரும் நூற்றைம்பது மில்லிமீட்டர் கனம் போடும் இடத்தில் அவள் போட்டது நூற்று முப்பது. துணிச்சலில் போட்டதில்லை, கணக்குப் போட்டுப் போட்டது.

வழக்கமாகத் தளம் வடிவமைப்பவர்கள் பளுவைக் கொஞ்சம் கூட்டுவார்கள், பலத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று மேலே ஒரு பிடி கான்கிரீட்டையும் கொட்டுவார்கள். பீட்டா வேறு ரகம். கான்கிரீட்டின் பலம் எவ்வளவு முன்பின் ஆகும், கம்பியின் பலம் எவ்வளவு, வகுப்பறையில் ஏறும் பளு எவ்வளவு, கம்பி உட்காரும் ஆழம் எவ்வளவு என்று ஒவ்வொன்றின் ஆட்டத்தையும் தனித்தனியாக எடுத்துக்கொள்வாள். இத்தனை ஆட்டத்துக்கும் நடுவில் பளு ஜெயித்துத் தளம் தோற்க எத்தனை வாய்ப்பு? பீட்டா எண் 3.8க்கு மேலே இருந்தால், லட்சத்தில் எட்டுக்கும் குறைவு. நிம்மதியாகத் தூங்கலாம்.

“ரெண்டு இடத்தை வெச்சு ஒரு மாடியையே முடிவு பண்ணாதீங்க சார். அறுபது இடத்துல அளக்கிறேன். அளந்ததை வெச்சுக் கணக்கைத் திரும்பப் போடறேன். 3.8 வரலேன்னா நானே சம்மட்டி எடுத்துக் கொடுக்கறேன்.”

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று.

“நாலு மணி” என்றார். “நாலு அஞ்சு இல்ல.”

அவர் தலை மறைந்ததும் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அண்ணி. பீட்டாவின் அண்ணன் மனைவி, இந்தக் கட்டடத்தின் கான்ட்ராக்டர். வீட்டில் அண்ணன் சமைப்பான், குழந்தைகளைக் கவனிப்பான். அண்ணி ஊரெல்லாம் கட்டுவாள்.

“நாத்தனாரே, வீட்டுல குழம்புல உப்பு கம்மின்னாலே நீ ஆயிரம் கேள்வி கேப்ப. இப்ப உன் தளத்துலயே கம்பியைக் காணோம்.”

“கம்பி இருக்கு அண்ணி. இருக்கிற இடம்தான் தப்பு. நோட்டை எடுங்க.”

இடிப்பது என்றால் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். பக்கத்து ஓட்டுக் கட்டடத்தில் பிள்ளைகள் காலையில் பாதி, மதியம் பாதி என்று முறை வைத்துப் படிக்கிறார்கள். வரும் பருவத்தில் எல்லோருக்கும் முழுநாள் வகுப்பு என்று பெற்றோரிடம் சொல்லியாயிற்று. இடித்துக் கட்டினால் அது இன்னும் ஒரு வருஷம்.

தளத்துக்கு அடியில் முட்டுக் கம்பங்கள் காடு மாதிரி நின்றன. மேலே வெயில். மேஸ்திரி சாக்பீஸில் கட்டம் போட, பீட்டா மண்டியிட்டுக் கருவியைத் தரையில் தள்ளினாள். கம்பி தட்டுப்படும் இடத்தில் அது கீச்சென்றது. அவள் எண்ணைச் சொன்னாள். அண்ணி நோட்டில் வரிசையாக எழுதினாள்.

“இருபத்தெட்டு.”

“எழுதியாச்சு.”

“முப்பது.”

“எழுதியாச்சு. மேஸ்திரி, நீங்க ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுட்டு இருக்கீங்க?”

“வெயிலும்மா” என்றார் மேஸ்திரி. தலையில் துண்டு இருந்தது.

“நாற்பத்தொன்பது.”

அண்ணி எழுதவில்லை. இடுப்பில் செருகியிருந்த நீல சாக்பீஸை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். “மோசமானதுக்கெல்லாம் வட்டம். என் கண்ணுக்கு அது உறுத்திட்டே இருக்கட்டும்.” அதன் பிறகுதான் எழுதினாள்.

அறுபது எண்களும் சேர்ந்தபோது மணி இரண்டு. சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே கிடந்தது. சைட் ஆபீஸ் என்ற பெயரில் நின்ற தகரக் கொட்டகைக்குள் பீட்டா லேப்டாப்பைத் திறந்தாள். அண்ணி எழுதிய வரிசைப்படியே அறுபதையும் ஒரே பத்தியில் ஏற்றினாள். கம்பிகள் சராசரியாக ஒன்பது மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தன. ஒரு இடத்தில் தாழ்ந்தால் பக்கத்தில் சரியாக இருக்கிறது. பக்கத்துக் கம்பி கை கொடுக்கும். தளம் என்பதே அப்படித்தான். ஒருத்தர் தளர்ந்தால் கூட நிற்பவர்கள் தாங்கிக்கொள்ளும் கூட்டம் அது.

கணக்கு ஓடியது. திரையில் எண் வந்து நின்றது.

3.9.

“அண்ணி!”

“என்னடி?”

“பாஸ்!”

அண்ணி அவளைக் கட்டிக்கொண்டதில் லேப்டாப் கீழே விழப் பார்த்தது. உடனே வீட்டுக்கு போன். “என்னங்க, உங்க தங்கச்சி காப்பாத்திட்டா. ராத்திரிக்கு ஏதாவது உருப்படியா சமைங்க.” அடுத்த போன் ஆய்வாளருக்கு. “சார், 3.9 வந்திருக்கு. சீக்கிரமே வந்தாலும் சரிதான்.” அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. “அப்படி இருந்தா ஒத்துக்கறேன். வர்றேன்.”

மணி இரண்டு ஐம்பது. அறிக்கையில் வைக்க ஒரு போட்டோ வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முழுத் தளமும் படத்தில் விழுவதற்காக, அடுத்த மாடிக்கென்று பாதி கட்டி நிறுத்திய படிக்கட்டில் பீட்டா ஏறினாள். மேல் படியில் நின்று போனைக் கீழே திருப்பினாள்.

விரல் பட்டன் மேலேயே நின்றுவிட்டது.

நீல வட்டங்கள் தளமெங்கும் சிதறிக் கிடக்கவில்லை. நடு உத்தரத்தை ஒட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கோடு பிடித்த மாதிரி வரிசையாக நின்றன. பதினைந்து வட்டங்கள்.

முதுகில் வெயில் காய்ந்தது. வட்டங்களை இன்னொரு முறை எண்ணினாள்.

“மேஸ்திரி! இங்க வாங்க. அன்னிக்குக் கான்கிரீட் போடும்போது இந்த வழியில என்ன நடந்துச்சு?”

மேஸ்திரி வந்து பார்த்தார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மறுபடி தலையில் கட்டினார். மறுபடி எடுத்தார்.

“வண்டி ஓடுச்சும்மா” என்றார் கடைசியில். “அன்னிக்கு பம்பு ரிப்பேர் ஆயிடுச்சுல்ல. தள்ளுவண்டியிலதான் கான்கிரீட்டைக் கொண்டு போனோம். கம்பி மேலயே பலகை போட்டு ஓட்டினோம்.”

“அடியில சேர் இருந்திருக்குமே?”

மேல் கம்பியைத் தூக்கி நிறுத்தும் வளைந்த கம்பிக் கால்களைத்தான் சைட்டில் சேர் என்பார்கள். மேஸ்திரி செருப்பைப் பார்த்தார்.

“பலகை ஆடுதுன்னு பசங்க கத்தினாங்க. அந்த வழியில மட்டும் சேரை எடுத்துருங்கடான்னு நான்தான் சொன்னேன். கம்பி இவ்வளவு முங்கும்னு எனக்குத் தெரியலம்மா. காலைலேர்ந்து நெஞ்சு அடிச்சுக்குது. வேலை போனாலும் பரவாயில்லன்னுதான் இப்ப சொல்றேன்.”

பீட்டா படியிலேயே உட்கார்ந்தாள். மேஸ்திரி மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் அவள் மேலேயே வந்தது. அறுபது எண்களையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கியவள் அவள்தானே? இடம் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தவள் அவள்தானே? ஒரு கம்பியின் தாழ்வுக்கும் அடுத்ததன் தாழ்வுக்கும் சம்பந்தமே இல்லை என்று கணக்கில் எழுதி வைத்திருந்தாள். முதல் வடிவமைப்பிலும் அப்படியேதான். ஆனால் இங்கே ஒரே வண்டி ஒரே வழியில் போய் பதினைந்தையும் ஒன்றாக அழுத்தியிருக்கிறது. பக்கத்துக் கம்பி கை கொடுக்கும் என்றால், பக்கத்துக் கம்பியும் முங்கிக் கிடக்கிறதே!

ஓடிப் போய் அந்த வரிசையைத் தனியாகப் பிரித்துக் கணக்கை ஓட்டினாள்.

2.6. ஆயிரத்தில் ஐந்து.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த அண்ணியின் முகம் மாறியது. “இது என்ன புது எண்?”

பீட்டா சொன்னாள். அண்ணி கொட்டகைக் கதவைச் சாத்தினாள்.

“இங்க பாரு. அவர் 3.9ஐ ஒத்துக்கிட்டாரு. ஆயிரத்துல அஞ்சுன்னா மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தஞ்சு நல்லாத்தானே நிக்கப் போகுது? நீயே போய் வாயை விடணுமா?”

“ஆயிரம் தளம் இல்ல அண்ணி. ஒரு தளம்தான். அது மேல பிள்ளைங்க உக்காரும்.”

“இடிச்சா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அந்தப் பெற்றோர் முன்னாடி நிப்பேன்?”

“இடிக்காம விட்ட தளம் விழுந்தா?”

அண்ணி சாத்திய கதவைத் தானே திறந்துவிட்டாள். “சொல்லித் தொலை. ஆனா வெறுங்கையோட போகாத. அம்பது நிமிஷம் இருக்கு. உருப்படியா ஏதாவது யோசி.”

பீட்டா மறுபடி அந்த வரிசையைப் பார்த்தாள். நாற்பத்தேழு. நாற்பத்தொன்பது. ஐம்பது. காலையிலிருந்து இந்த எண்களைக் குற்றப்பத்திரிகையாகவே படித்துக்கொண்டிருந்தாள். இப்போது வேறு விதமாகப் படித்தாள். கம்பி ஐம்பதில் இருக்கிறது என்றால், அதற்கு மேலே ஐம்பது மில்லிமீட்டர் வெறும் கான்கிரீட் கிடக்கிறது!

பென்சில் பறந்தது.

ஆய்வாளர் மூன்று ஐம்பத்தெட்டுக்கு வந்தார்.

“3.9 தானே? எங்கே கையெழுத்து?”

“3.9 தப்பு சார். நான் கணக்குப் போட்ட விதம் தப்பு. சரியான எண் 2.6.”

ஆய்வாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “மதியம் ஒரு எண், சாயந்தரம் ஒரு எண். அதனாலதாம்மா இதைச் சூதாட்டக் கணக்குன்னு சொல்றேன்.”

“மதியம் எனக்குத் தெரியாத விஷயம் இப்ப தெரியும் சார். தெரிஞ்சதும் எண் மாறணும். மாறலேன்னாதான் சூதாட்டம்.” அவள் தாளை நீட்டினாள். “வண்டி ஓடின வழி மட்டும்தான் பழுது. அதைத் தவிர மீதித் தளம் 4.2. அந்த வழியில உத்தரத்துக்குக் குறுக்கா இருபத்தஞ்சு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீளப் பள்ளமா காடி வெட்டறோம். புதுக் கம்பியை வெச்சு, ஒட்டுற பசையால நிரப்பறோம். கீழே இருக்கிற கம்பி மேல கட்டர் படாது. அதுதான் முங்கிப் போச்சே, மேல இடம் இருக்கு! பசை இறுகுற வரைக்கும் முட்டு ஒண்ணைக்கூட எடுக்கமாட்டோம்.”

ஆய்வாளர் தாளைப் படித்தார். திருப்பினார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். அண்ணி நகம் கடித்தாள்.

“புதுக் கம்பியும் முங்காதுன்னு என்ன நிச்சயம்?”

“இறுகின கான்கிரீட்டுல வெட்டற பள்ளம் சார். எங்கே முங்கும்? ஒவ்வொண்ணையும் அளந்து பார்த்துட்டுத்தான் கம்பி வைப்போம். ஆழத்துல ஆட்டமே கிடையாது. அதனாலதான் எண் இவ்வளவு ஏறுது. பாருங்க, 4.0.”

“பசை?”

“அஞ்சு இடத்துல ஒட்டின கம்பியை இழுத்துப் பார்த்துக் காட்டறேன். நீங்களே இடத்தைத் தேர்ந்தெடுங்க. எல்லாம் முடிஞ்சதும் தண்ணித் தொட்டி ஏத்திப் பளுச் சோதனை.”

அவர் படிக்கட்டில் ஏறினார். நீல வரிசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கி வரும்போது பேனாவைத் திறந்திருந்தார். காலையில் எழுதிய வார்த்தையின் மேல் ஒரு கோடு இழுத்தார். ‘பழுதான வரிசையை மட்டும் சரிசெய்க. சோதனைக்குப் பின் முட்டு அகற்றலாம்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டார்.

“3.9ன்னு நீங்க நீட்டியிருந்தா நான் போட்டிருப்பேன்” என்றார் பீட்டாவிடம். “அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு. அந்தக் கணக்கை எனக்கும் அனுப்புங்க. உக்கார்ந்து படிக்கணும்.”

அவர் போனதும் மேஸ்திரி ஓரமாக வந்து நின்றார். “அம்மா, நான் நாளைக்கு வரட்டுமா, வேண்டாமா?”

“வராம?” அண்ணி சீறினாள். “காடி யார் வெட்டுவா, எங்க வீட்டுக்காரரா? காலைல ஏழு மணிக்கு கட்டரோட நில்லுங்க. இனிமே பம்பு ரிப்பேர்னா கான்கிரீட்டே கிடையாது.”

“பம்பு ரிப்பேர் ஆகத்தான் செய்யும் அண்ணி” என்றாள் பீட்டா. “அதையும் கணக்குல சேர்க்கணும். மேஸ்திரி, உக்காருங்க.”

இரண்டாம் மாடித் தளத்தின் வரைபடத்தை மேஜையில் விரித்து அவரிடம் பென்சிலைக் கொடுத்தாள். மேஸ்திரி இதுவரை வரைபடத்தைப் பார்த்துக் கட்டியிருக்கிறார். அதில் எழுதியதில்லை.

“பம்பு இல்லேன்னா வண்டியை எந்த வழியில ஓட்டுவீங்க?”

அவர் யோசித்தார். “உத்தரம் ஓரமா வேண்டாம். இந்த நடுப்பக்கமா போகலாம். அங்க மேல் கம்பி கிடையாது, அடிக்கம்பி மட்டும்தான். ஆனா இந்த மூணு இடத்துல உத்தரத்தைக் குறுக்க தாண்டணும். அங்க கம்பி மேல படாம தனியாக் கால் வெச்சு மேடை போட்டுக்கலாம்.”

“போடுங்க.”

மேஸ்திரி பென்சிலை ஈரமாக்கிக்கொண்டு முதல் கோட்டை இழுத்தார். பக்கத்தில் பீட்டா புதிய தாளில் கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.