பன்னிரண்டு நிமிஷப் பல்

ஓசூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனி தொழிலாளர்களுக்கென்று பல் சிகிச்சை அறை திறந்து, என்னை டாக்டராக வைத்தபோது ரொம்பப் பெருமைப்பட்டேன். அது 2006. ஆறு மாதம் கழித்து ஸ்ரீராம் ஸ்டாப்வாட்சோடு வந்து மூலையில் நின்றார். எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் என்று அளந்து குறைப்பதுதான் அவர் உத்தியோகம். அதுவரை தகடு அழுத்தும் பிரஸ் மெஷின்களை அளந்தவர் அன்றைக்கு என்னை அளந்தார்.

ஒரு சொத்தையை அடைக்க எனக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகும். சுத்தம் செய்து, எச்சில் படாமல் பஞ்சு வைத்து, தொழிலாளர்கள் ‘சிமெண்டு’ என்று சொல்லும் பசையை மூன்று அடுக்காக வைப்பேன். ஒவ்வோர் அடுக்கையும் நீல விளக்கு காட்டி இறுக்க வேண்டும்.

“எதுக்கு மேடம் மூணு தடவை? மொத்தமா நிரப்பி ஒரே தடவை லைட் அடிங்க.”

“அடியில இறுகாது சார். ஓரத்துல விலகி, உள்ள மறுபடியும் சொத்தை வரும். நேரம் குறையணும்னா எச்சில் உறிஞ்சுற குழாயப் பிடிக்க ஒரு ஆள் குடுங்க. அஞ்சு நிமிஷம் மிச்சமாகும்.”

“ஆளெல்லாம் கிடையாது. பன்னெண்டு நிமிஷம், அவ்வளவுதான்.”

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. பன்னிரண்டு நிமிஷம் என்று எழுதிய தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம், வேறென்ன?

மறுநாள் திம்மராயன் வந்தார். பிரஸ் ஷாப்பில் வேலை, கெலவரப்பள்ளிப் பக்கம் வீடு. இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் முன்பே போய்விட்டன. வலப்பக்கம் மெல்லுவதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்ப்பல்லில் ஆழமான சொத்தை.

“இத மட்டும் காப்பாத்திக் குடுத்துருங்க மேடம். இதுவும் போச்சுன்னா கறி கிறியெல்லாம் மறந்துட வேண்டியதுதான்.”

மொத்தமாக நிரப்பி ஒரே தடவை விளக்கடித்தேன். மேலே தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. அடியில் இறுகவில்லை என்று எனக்குச் சத்தியமாகத் தெரியும். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

எட்டு மாதத்தில் கன்னம் வீங்கித் திரும்பி வந்தார். அடைப்பு விலகி, சொத்தை வேர்வரை இறங்கிவிட்டது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. ஏழே நிமிஷம்தான் ஆயிற்று. ஸ்ரீராமின் கணக்கில் அது நல்ல நேரம்.

வாயில் பஞ்சைக் கடித்தபடி திம்மராயன் சொன்னார். “நான்தான் பல்ல சரியா வெளக்கல போல. உங்களுக்குத்தான் ரெண்டு வேலை. விடுங்க மேடம், களி இருக்குது. அத யாரு மென்னு திங்கறாங்க?”

தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பத்திரண்டு பல்லும் இருந்து என்ன பிரயோஜனம்?

அடுத்த வாரம் ஸ்ரீராமே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். ஸ்டாப்வாட்ச் கொண்டுவரவில்லை.

“மேடம், எனக்கு நிதானமாவே பண்ணுங்க. அந்த மூணு அடுக்கு சொன்னீங்களே, அப்படியே வைங்க.”

பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மூன்று அடுக்காகத்தான் வைத்தேன். முப்பது நிமிஷம் ஆயிற்று.

“இது எத்தனை வருஷம் வரும்?”

“பத்து வருஷம் தாராளமா வரும் சார்.”

சந்தோஷமாகப் போனார். வெளியே பெஞ்சில் பிரஸ் ஷாப் ஆட்கள் நான்கு பேர் காத்திருந்தார்கள். முதல் ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மொத்தமாக நிரப்பி, ஒரே தடவை விளக்கடித்தேன்.