விக்கல் எடுத்த சிவப்பு வண்டி

பல் டாக்டரம்மாவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு விக்கல் வந்தது, சில வருடங்களுக்கு முன் பெட்ரோல் விலை ஏறிய அதே வாரத்தில். இரண்டில் எது முதலில் என்பதில்தான் ஊரில் கருத்து வேறுபாடு. இரண்டே பேர் உட்காரக்கூடிய, டாக்டரம்மாவைவிடக் கொஞ்சமே இளைய வண்டி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜினுக்குள் ‘ஹக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், பானெட் ஒரு சாண் எழும்பி அடங்கும். பிறகு இரண்டு நாள் பரம சாது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் மூச்சே விடாது. பல்வலிக்காரர்கள் டாக்டர் வீட்டு வாசலைப் பார்த்ததும் வலி போய்விட்டதென்று திரும்புவார்களே, அந்த மாதிரி.

மெக்கானிக்கைப் பாம்புச்செவி என்பார்கள். அடுத்த தெருவில் ஆணி விழுந்தால் அது துருப்பிடித்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். நீளமான ஸ்க்ரூ டிரைவரை இன்ஜினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டார். பிளக்கை மாற்றினார், வால்வைச் சரிசெய்தார், டைமிங் செயினைக் கழற்றிப் புதிது போட்டார். ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்டதில் ஸ்க்ரூ டிரைவர் காதோடு ஒட்டிக்கொண்டது. அதோடேயே கல்யாண வீடுகளுக்கும் போய்வந்தார். விக்கல் மட்டும் போகவில்லை.

டாக்டரம்மாவுக்கோ அவசரம். கார் நின்ற கொட்டகையில் பாதி, எதிர்வீட்டில் தையல் கடை வைத்திருந்த நாத்தனாருடையது. “அண்ணி, இந்தத் தடவை பழைய கார் பந்தயத்துல உங்க தகர டப்பா மலை உச்சி ஏறட்டும், நான் வாயே திறக்கல. ஏறலன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுங்க. கொட்டகை எனக்கு,” என்று ஊர் கேட்கச் சொல்லியிருந்தாள். வருடா வருடம் கடைசி வளைவில் விக்கி நின்றவர் டாக்டரம்மா. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

பந்தயத்துக்கு முந்தின வாரம், சாவி டாக்டரம்மாவின் கைப்பையில் இருக்க, அணைந்து கிடந்த இன்ஜின் ‘ஹக்’ என்றது. கொட்டகைக்கே வந்து கேட்டுக்கொண்டிருந்த பாம்புச்செவி துள்ளிப் பின்வாங்கினார். டாக்டரம்மா கவனித்தது வேறு. எதிர்வீட்டுத் தையல் மிஷின் அப்போதுதான் நின்றிருந்தது. ஜன்னலில் மூக்குக்கண்ணாடியோடு நாத்தனார் முகம். மிஷின் மறுபடி ஓடியது, கார் சும்மா இருந்தது. மிஷின் நின்றது, முகம் தெரிந்தது, கார் விக்கியது.

“டாக்டரம்மா, இது ரிப்பேரே இல்லீங்க,” என்றார் பாம்புச்செவி. “வண்டிய யாரோ நினைக்கிறாங்க.”

“யாரோவா? மூக்குக்கண்ணாடி போட்ட யாரோ!”

டாக்டரம்மா தெருவைத் தாண்டிப் போய் நின்றார். “ஏண்டி, என் வண்டியையே நினைச்சுட்டு இருக்கியா?”

“யாரு, நானா? அந்த ஓட்டையவா?”

எதிரே கொட்டகையில் ‘ஹக்’ என்றது. நாத்தனார் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “இத்தனை வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘ஏறிக்கோடி’ன்னு சொல்லியிருப்பீங்களா அண்ணி?”

ஊரையே வாய் திறக்க வைத்த டாக்டரம்மா தன் வாயைத் திறந்தார். “ஏறிக்கோடி,” என்றார்.

பந்தயத்தன்று நாத்தனார் தானே தைத்த சீட் உறையில் மகாராணி போல உட்கார்ந்தாள். வண்டிக்குள் இருப்பவள் வண்டியை நினைப்பானேன்? பாதி மலை வரை ஒரு விக்கல் இல்லை. கடைசி வளைவின் செங்குத்தில் இன்ஜின் திணறியது. மலை நெடுகக் கூடியிருந்த அத்தனை ஜனமும் ஒரே நேரத்தில், ‘ஐயோ, அந்தச் சிவப்பு வண்டி!’ என்று நினைத்தது.

ஒற்றை விக்கல்தான் இன்ஜினை நிறுத்தும். ஓராயிரம் விக்கல் ஒன்றாக வந்தபோது வண்டி முழம் முழமாகத் தாவி, முன்னால் போன கார்களின் தலைக்கு மேலேயே போய், உச்சியில் சாலை தீர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் போய், கோப்பை வாங்கத் திரும்பி வந்தது. மேகத்தில் பிரேக் போட்ட தடம் பொழுது சாயும்வரை தெரிந்தது.

அன்றிலிருந்து ஊரே அந்த வண்டியை நினைத்துக்கொண்டிருப்பதால் விக்கல் ஓய்வதில்லை. விட்டு விட்டு வந்தால்தான் கோளாறு, விடாமல் வந்தால் அதற்குப் பெயர் ஓட்டம் என்று பாம்புச்செவி தீர்ப்புச் சொன்னதும், ஸ்க்ரூ டிரைவர் தானாகக் கழன்று விழுந்தது. கொட்டகையில் இப்போது பாதி தையல் கடை, பாதி கார். ஊர் கொஞ்சம் அதிகமாக நினைக்கும் நாட்களில் கார் மேலே போய்க் கூரையைத் தொட்டு நிற்கும். நாத்தனார் அந்த நேரம் பார்த்து அதன் அடியில் பெருக்கிவிடுவாள்.