இடிக்குப் பிடுங்கிய பிளக்

கேரளத்துத் தொடுபுழாவில் துலாம் மாதத்து, அதாவது ஐப்பசி மாதத்து, மதியங்களுக்கு இடிதான் கடிகாரம். ஜிஸ்மி கூட்டுறவுச் சங்க வேலையும் மாலை நேர நெட்வொர்க் வகுப்பும் முடிந்து வீடு திரும்பினால், இணைய மோடத்தோடு இணைத்து வைத்த, வீடியோக்களைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டி கணினியில் தெரியாது. கேபிளை மாற்றினாள். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாள். சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. நோட்டில் தேதி வாரியாக எழுதினாள்: திங்கள் தெரியவில்லை, செவ்வாய் தெரியவில்லை, ஞாயிறு மட்டும் ஒரு தொந்தரவும் இல்லை. வகுப்பில் ஒழுங்காகக் கவனிக்காத தன் தப்புதான் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழனிலிருந்து என்ன செய்தும் வரவில்லை. போன வருடம் இறந்துபோன அம்மாவின் வீடியோக்கள் அதில் மட்டும்தான் இருந்தன. அவற்றை எடுத்த கைபேசி ஆற்றோடு போய்விட்டது.

"சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன், எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணிடலாம். உள்ள இருக்கறதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார் போனில் கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர்.

அன்று சனி, அரை நாள் வேலை. ஜிஸ்மி வீட்டுக்குள் நுழையும்போது இடி உருண்டது. வீட்டு வேலைக்கு வரும் தங்கமணி சேச்சி குனிந்து பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன சேச்சி பண்றீங்க?"

"இடி இடிக்குதுல்ல மோளே. தினம் பிடுங்குவேன், போறப்ப மாட்டிடுவேன். ராத்திரி பள்ளிக்கூடம் போறியே, இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?"

ஞாயிறு சேச்சிக்கு விடுமுறை. ஜிஸ்மி நோட்டை எடுத்து ஞாயிற்றுக்கிழமை வரிகளைத் திரும்பப் படித்தாள்.

மழை விட்டதும் பிளக்குகளை மாட்டிவிட்டு, மோடத்தோடு இணைந்த கருவிகளின் பட்டியலைத் திறந்தாள். மின்சாரம் வந்து போகும்போதெல்லாம் மோடம் எல்லாக் கருவிகளுக்கும் புதிதாக முகவரி எண் கொடுத்திருந்தது. பன்னிரண்டில் இருந்த பெட்டி இருபத்தேழுக்குக் குடிபோய்விட்டது. கணினி இன்னும் பன்னிரண்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக்கிவிட்டு, இரண்டு முறை சரிபார்த்த பிறகே திறந்தாள்.

"இது மத்தியா? என் சுண்டுவிரல் இதைவிடப் பெருசு" என்று வீடியோவில் மீன்காரனை அதட்டினாள் அம்மா ரோசிலி.

தங்கமணி சேச்சி துடைப்பத்தைச் சாத்திவிட்டுச் சிரித்தாள். "நம்ம ரோசிலி சேச்சியேதான்." பிறகு முகம் சுருங்கியது. "அப்ப பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி நான்தான் பெட்டியைக் கெடுத்தேனா?"

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்த ஜிஸ்மிக்குப் பக்கத்து வீடு நினைவுக்கு வந்தது. "வாக்கச்சன் சேட்டன் வீட்டு டிவியும் மோடமும் இடியில என்னிக்கு எரிஞ்சுது?"

"செவ்வாய்க்கிழமை மதியம். அன்னிக்கு உங்க வீட்டு பிளக்கெல்லாம் என் கையிலதான் இருந்துச்சு."

ஜிஸ்மி அந்த ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

"விடு மோளே, பாத்திரம் கிடக்கு."

கடைக்காரரைக் கூப்பிட்டு வரவேண்டாம் என்று சொன்னாள். பெட்டியை அணைக்கும் பொத்தானைச் சேச்சிக்குக் காட்டினாள்: முதலில் இதை அமுக்கணும், விளக்கு அணையும்வரை காத்திருக்கணும், அப்புறம்தான் பிடுங்கணும்.

தூரத்தில் மறுபடி இடித்தது. சேச்சி பொத்தானை அமுக்கிவிட்டு விளக்கையே பார்த்தபடி நின்றாள்.

"அணைஞ்சிடுச்சு மோளே. பிடுங்கட்டுமா?"

"பிடுங்குங்க சேச்சி."